பதினெட்டாவது பெயர்

எங்கள் கல்லூரி வாசலில் அந்த ஃபிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. வெயிலில் நிறம் போய், ஒரு மூலை கிழிந்து காற்றில் அடித்துக்கொள்கிறது. 'மண்டலச் சாம்பியன்கள்' என்று பெரிதாகப் போட்டு, கீழே பதினெட்டுப் பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. ராஜ்குமார், கேப்டன். கடைசிப் பெயர் சாஜித். பதினெட்டையும் கைப்பட எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த வழியாக பஸ்ஸில் போனால் இப்போதெல்லாம் எதிர்ப்பக்க ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்த வருடம் நாங்கள் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. ஒன்பது ஆடினோம், ஒன்பதும் ஜெயித்தோம். எங்கள் மைதானத்தில் பாதிக்குப் பாதி ஜல்லி. புதுக் கட்டடத்துக்கு வந்த ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன கான்ட்ராக்டர் திரும்பி வரவே இல்லை. அதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். சேலத்துக் கல்லூரிக்காரர்கள் முதல் மேட்சில் எங்கள் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு கோல் வாங்கிய பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறைய இருந்தது.

கோல் போடுவது ஹரீஷ்குமார். தொரப்பள்ளிக்காரன். பந்து அவன் காலுக்கு வந்தால் போதும், நாங்கள் பாதிப்பேர் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவோம். அவ்வளவு நம்பிக்கை. சாஜித் நேரெதிர். சூளகிரிப் பையன். அவன் அப்பா கௌஸ் மொய்தீன் நெடுஞ்சாலை ஓரத்தில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருக்கிறார். சாஜித்துக்குக் கால்பந்தின் மேல் உயிர், ஆனால் கால்பந்துக்கு அவன் மேல் எந்த அபிப்பிராயமும் இல்லை. ஓடுவான், ஓடுவான், பந்து மட்டும் வேறெங்காவது இருக்கும். "நீ டீமுக்கு வாட்ச்மேன் மச்சி" என்று கிண்டலடிப்போம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

எங்கள் கல்லூரி காலை ஷிஃப்ட். ஒரு மணிக்கு மணியடித்ததும் டீமில் பாதிப்பேர் ஓசூர் சிப்காட்டுக்கு ஓடுவோம். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை கான்ட்ராக்ட் வேலை. ஹரீஷ் ஒரு பிரஸ் கம்பெனியில் இருந்தான். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி அடிக்கும் பவர் பிரஸ். மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டால் கான்ட்ராக்டர் பெயரை எடுத்துவிடுவான். அவன் வீட்டில் அவன் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன். மேட்சோ மதியம் மூன்று மணிக்கு.

இதற்கு எங்கள் டீமில் ஒரு வழக்கம் இருந்தது. 'மாத்தாள்' என்று சொல்வோம். ஆடுகிறவன் மைதானத்துக்குப் போவான். பெஞ்சில் உட்கார வேண்டியவன் அவனுடைய அட்டெண்டன்ஸ் கார்டை வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போவான். தொப்பி, மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டால் யார் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கவலையில்லை. "தலை எண்ணிக்கை சரியா இருந்தா போதும் குரு, மூஞ்சி எதுக்கு?" என்று ஹரீஷுடைய சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். பதிலுக்கு, கம்பெனிக்குப் போனவனும் மைதானத்துக்கு வந்ததாக மேட்ச் பட்டியலில் கேப்டன் எழுதிவிடுவான். எனக்கு முந்தைய கேப்டனும் எழுதினான், அவனுக்கு முந்தையவனும் எழுதினான். உழைத்தவனுக்குச் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும் அல்லவா? எங்கள் டீமில் இருந்த பெரிய நியாயமே இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

சாஜித்துக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் போனால் கொஞ்சம் எளிது. ஆனால் பட்டியலில் எல்லா மேட்சுக்கும் 'வந்தார்' என்று இருந்தால்தான் சான்றிதழ். சீசன் தொடங்கும்போது அவனே ஹரீஷிடம் வந்தான்.

"உன் கார்டைக் குடுறா. நீ ஆடு, நான் அடிக்கிறேன்."

"பிரஸ்ஸுடா. முன்ன பின்ன தொட்டிருக்கியா?"

"கரும்பு மிஷின்ல கை வுட்டு வளந்தவன்டா நானு. அத விடவா?"

ஐந்து மேட்சுக்கு அவன் ஹரீஷாகப் போய் வந்தான். ஐந்து முறையும் நான் பட்டியலில் பதினெட்டாவதாக அவன் பெயரை எழுதி டிக் அடித்தேன். உடற்கல்வி இயக்குநர் முத்துமணி சார் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். படித்தால் கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

இறுதிப் போட்டி கிருஷ்ணகிரியில். அன்றும் சாஜித் கம்பெனிக்குப் போனான், நான் டிக் அடித்தேன். ஹரீஷ் இரண்டு கோல் போட்டான். இரண்டாவது கோலை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, அதற்காக என் மேலேயே எனக்குக் கோபமும் வருகிறது. விசில் ஊதியதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டோம். முத்துமணி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். பரிசு கொடுத்து முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது.

ஹரீஷ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ராஜு, யார் பைக்கையாவது வாங்கிக் குடுடா. ஆறு மணி பிரேக்ல வந்து மாத்திக்கிறேன்னு சாஜித்துகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். பாவம், ரெண்டு மணில இருந்து நிக்கிறான்."

"எங்கடா போற? போட்டோ எடுக்கணும். கோல் போட்டவன் இல்லாம கோப்பைய மட்டும் வச்சு எடுக்கச் சொல்றியா?"

"சொன்னா கேளுடா. ஆறு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன்."

"ஒரு நாளு பத்து மணி வரைக்கும் நின்னா என்னா ஆயிடும்? நான் சாஜித்துகிட்ட பேசிக்கிறேன். வா."

இழுத்துக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தியது நான்தான். அவன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான். போட்டோக்காரர் மூன்று முறை எடுத்தார். பெயர் கேட்ட நிருபரிடம் பட்டியலை அப்படியே நீட்டினேன்.

திரும்பும் வழியில் சூளகிரியில் கௌஸ் மொய்தீன் கடையில் வேனை நிறுத்தினோம். ஆறேகால் இருக்கும். கோப்பையைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு ஓடி வந்தார். மகன் ஆடிய டீம் அல்லவா? ஒவ்வொரு கரும்பாக மிஷினில் விட்டு, எலுமிச்சையும் இஞ்சியும் மடக்கி வைத்துப் பிழிந்து, எல்லோருக்கும் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

"எம் பையன் எங்கப்பா? கண்ணுல படலயே?" என்று என்னிடம் கேட்டார்.

கம்பெனிக்குப் போவது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சாஜித் சொல்லி வைத்திருந்தான். "அவன் ஃப்ரெண்டு பைக்குல முன்னாடியே ஓசூர் போயிட்டான் அத்தா. அங்கதான் ஊர்வலம்" என்றேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வேன் நுழையும்போது ஹரீஷுக்கு போன் வந்தது. பேசியது சூப்பர்வைசர். ஹரீஷ் கேட்டுவிட்டு போனை மடியில் வைத்தான். வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். நான் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கை போச்சாம்டா" என்றான்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்க வேண்டும். கை உள்ளே போகாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. கணக்குக்கு வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனை அமுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையால் தகட்டை எடுக்கலாம். ஹரீஷுக்கு அந்தத் தாளம் பழக்கம். சாஜித் ஐந்து மணி நேரமாக நின்ற காலில் நின்றிருந்தான். ஆறு மணிக்கு வருகிறவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே பிரேக்கைக்கூட விட்டுவிட்டானாம். ஏழு மணிக்கு வலது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கும் போய்விட்டன.

சூப்பர்வைசர் அவனைத் தன் பைக்கில் உட்காரவைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கம்பெனி பெயர் சொன்னால் போலீஸ் வரும், வைத்தியம் தாமதமாகும் என்று அவரே ஒரு காரணத்தை எழுதவைத்துவிட்டார். 'கரும்பு ஜூஸ் இயந்திரத்தில் கை சிக்கியது.' சாஜித்தின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று வேலைக்கு நடுவே எப்போதோ கேட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது.

ஆறேகால் மணிக்கு அந்த மிஷினில் பிழிந்த ஜூஸைக் குடித்தவர்கள் நாங்கள். பதினேழு பேரும் குடித்தோம்.

ஒரு மாதம் கழித்து கௌஸ் மொய்தீன் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். என் மகன் இந்தக் கம்பெனியில், இன்னார் கார்டில் வேலை பார்த்தபோது கை போனது, கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று. அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தது என்று எழுதச் சொன்னார். கம்பெனி வக்கீல் கிண்டிக் கிளறி இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்தார். ஒன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. இன்னொன்று எங்கள் மேட்ச் பட்டியல். மதியம் இரண்டு மணிக்கு சாஜித் கம்பெனிக்குள் இருந்திருக்க முடியாது, மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரி மைதானத்தில் இருந்ததாக அவன் கல்லூரியே எழுதிக் கொடுத்திருக்கிறது, கேப்டன் கையெழுத்தோடு.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. வந்த அன்றே ஹரீஷ் என் வீட்டுக்கு வந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு அரசாங்க வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி.

"என்னக் கூப்பிட்டு கேட்டாங்கடா. நானே கார்டைத் தேய்ச்சிட்டு மேட்சுக்கு ஓடி வந்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்த மிஷின்ல யாரு நின்னாங்களாம்?"

"யாரும் நிக்கலன்னு சொல்லிட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. அழுதுகொண்டே நின்றான். எங்கள் வாசலில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். கையை இறக்கிவிட்டேன். ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டியவனைப் பிடித்து வைத்தவன் யாரை அடிப்பது?

மறுநாள் முத்துமணி சார் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. "உண்மையைச் சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன்ப்பா. ஆனா பட்டியல் பொய்னு ஆச்சுன்னா கோப்பை போயிடும், எல்லார் சர்டிபிகேட்டும் போயிடும். உனக்குக் கிடைச்சிருக்கிற எம்.ஏ. சீட்டும் அதுலதான் வந்தது. யோசிச்சுக்கோ" என்றார். பிறகு மேசையின் மேலிருந்த விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

யோசித்தேன். உண்மையைச் சொல்வது என்றுதான் முடிவு செய்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். விசாரணை நாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதுகூட அதே முடிவுதான். 'அவன் வரவில்லை மேடம், நான்தான் பொய்யாக எழுதினேன்.' பஸ்ஸில் உட்கார்ந்து இதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சின்ன அறை. நடுவில் அதிகாரி சுஜாதா மேடம். ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் ஹரீஷும் முத்துமணி சாரும். எதிர்ப்பக்கம் கௌஸ் மொய்தீனும் சாஜித்தும். விபத்துக்குப் பிறகு நான் சாஜித்தை இரண்டு முறைதான் போய்ப் பார்த்திருந்தேன். இளைத்திருந்தான். வலது கையை மேசைக்கடியில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையாட்டினான். வந்துவிட்டாயா, இனி பயமில்லை என்பது அந்தத் தலையாட்டலில் இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

முதலில் வக்கீல் கௌஸ் மொய்தீனிடம் கேட்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் டீம் உங்க கடைக்கு வந்துச்சா? உங்க பையனைப் பத்தி அவங்ககிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"மேட்ச் முடிஞ்சு முன்னாடியே பைக்குல போயிட்டான்னு இந்தத் தம்பி சொல்லுச்சு" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சுஜாதா மேடம் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க மேடம்."

"பதினெட்டாவது பேருக்கு நேரா டிக் போட்டதும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு சாஜித் மைதானத்துக்கு வந்திருந்தாரா?"

வாயைத் திறந்தேன். முத்துமணி சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரீஷ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் அத்தனை முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் எதுவும் வைக்க நான் தயாராக இல்லை.

"லிஸ்ட்ல இருக்கிறது சரிதாங்க மேடம்" என்றேன்.

கௌஸ் மொய்தீன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. காலடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கல்லூரியில் எல்லோருக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்த கோப்பைப் போட்டோ. சாஜித்துக்கும் ஒன்று வீட்டுக்குப் போயிருந்தது. அதைத் துண்டால் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"சரிப்பா. நீ கேப்டனு, உனக்குத் தெரியாமப் போவாது. இதுல எம் பையன் எங்க நிக்கிறான்? நானும் தெனமும் தேடறேன், எனக்குக் கண்ணு தெரியல. வெரல வச்சுக் காட்டுப்பா."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். போட்டோவில் முத்துமணி சாரைத் தவிர பதினேழு பேர். கீழே அச்சடித்திருந்த பெயர்கள் பதினெட்டு. ஹரீஷ் கோப்பையைத் தூக்கி நிற்கிறான். அவன் முழங்கைக்குப் பின்னால் எங்கள் இரண்டாவது கோல்கீப்பர் கோவிந்தனின் முகம் பாதிக்கு மேல் மறைந்திருக்கிறது. தலைமுடியும் ஒரு காதும்தான் தெரியும்.

என் விரல் அந்தக் காதின் மேல் போய் நின்றது. ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற உடம்பு தானாகவே வேலை செய்கிறது.

கௌஸ் மொய்தீன் குனிந்து அந்தக் காதை வெகுநேரம் பார்த்தார். பெற்றவருக்கு மகனுடைய காது தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு இரண்டாவது கிளாஸ் ஊற்றிய அதே முகம்.

"ஆமாங்க மேடம்" என்றான் சாஜித். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினோம். அவன் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கடியிலிருந்து வலது கையை எடுத்து அந்தப் போட்டோவின் மேல், என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தான். "கேப்டன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் கிருஷ்ணகிரியிலதான் இருந்திருக்கேன். இந்த நாலு வெரலும் மட்டும் என்னய வுட்டுட்டுத் தனியா வேலைக்குப் போயிருக்கும் போல."

நான் விரலை எடுத்துக்கொண்டேன். சுஜாதா மேடம் சாஜித்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு மேல நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று என்னிடம் ஒரு முறை கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் எழுதி முடித்து, வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நகர்த்தினார். நான் போட்டேன். ஹரீஷ் போட்டான். சாஜித்திடம் போனபோது மேடம் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"வேணாங்க மேடம். எழுதுறேன்" என்று பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டான்.

வலது கையின் மிச்சத்தால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தான். முதல் எழுத்தே கோடு தாண்டிப் போயிற்று. நிறுத்தி, நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தான். அவன் அப்பா எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றார். பட்டியலில் அந்தப் பெயரை எழுத எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நொடிகூட ஆனதில்லை. அவன் எழுதி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.